பேரியமும் பாடத்திட்டமும்

எம். புதுப்பட்டி வட்டாரப் பட்டாசு ஆலைகளில் மருந்து கலப்பவரின் விரல்களில் அலுமினியத் தூள் வெள்ளியாய்ப் படிந்திருக்கும். அந்தத் தூள்தான் எரிபொருள். பேரியம் நைட்ரேட் அதற்கு ஆக்சிஜன் தரும், பச்சை ஒளியும் தரும். பேரியத்தை உச்ச நீதிமன்றம் 2018இல் தடை செய்தது. நாக்பூரில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் (நீரி) உருவாக்கிய பசுமைப் பட்டாசு, நுண்துகள் மாசைச் சுமார் 30 சதவீதம் குறைக்கக்கூடியது.

பொறியியல் மாணவருக்கு இதைவிட நெருக்கமான ஆற்றல் பாடம் ஏது?

ஆனால், அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏஐசிடிஇ) 2018 மாதிரிப் பாடத்திட்டம் சுற்றுச்சூழல் அறிவியலைக் கட்டாயமாக்கியும் கிரெடிட் தரவில்லை. தேர்வோடு மறந்துபோகும் தாளாக அது சுருங்கியது வேதனைக்குரியது. பட்டாசு ஆலைகளைப் போலவே இன்னோர் ஆற்றல் களமாக, கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016 முதல் நிற்கிறது. தகடுகள் மூடிய நிலத்தையும் ஆலைப் புகையையும் மாணவர்கள் நேரில் அளந்து எழுதட்டும்; அந்த ஆய்வுக்குத் தன்னாட்சிக் கல்லூரிகள் வரும் கல்வியாண்டிலேயே கிரெடிட் வழங்க வேண்டும்.