சைக்காலஜிக்குச் சம்பளம் இல்லையா?

கல்லூரிச் சேர்க்கை மேசையில் உட்கார்ந்திருக்கும் நாள்களில் ஒரு பேச்சு ஓயாமல் காதில் விழும். "சைக்காலஜி படிச்சா என்ன சார் கிடைக்கும்? கவுன்சலிங்தானே, மாசம் பத்தாயிரம் தருவாங்க." சொல்வது அப்பா. மகள் தலைகுனிந்து நிற்பாள். விண்ணப்பத்தில் பி.காம். என்று மாறும். பல ஆண்டுகளாக இந்தப் பாடத்தை நடத்துகிற எனக்கு அந்தக் காட்சி இன்னும் வலிக்கிறது. அந்தப் பேச்சு தவறு.

அதில் ஒரு துளி உண்மை இருப்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். மூன்று வருட பி.எஸ்சி.யோடு நின்றால் உளவியலாளர் என்று பலகை மாட்ட முடியாது. வார இறுதி டிப்ளமோ ஒன்றைச் சேர்த்துக்கொண்டாலும் முடியாது. பத்தாயிரத்துக்கு வேலை பார்ப்பவர்களில் நான் அறிந்தவர்கள் பலரும் அங்கேயே நின்றவர்கள்தான். ஆனால் வெறும் பி.காம். முடித்தவர் வாங்கும் சம்பளத்தைப் பார்த்து ஆடிட்டர் தொழிலை யாரும் எடைபோடுவதில்லையே!

டாக்டருக்குப் படித்தால்தான் இந்தத் துறையில் காசு என்பார்கள். அதுவும் சரியல்ல. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மருத்துவ உளவியலாளர் யார் என்பதைத் தனியாகவே வரையறுத்திருக்கிறது. முதுகலைக்குப் பின், இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். முடித்துப் பதிவு பெறுவதே வழக்கமான பாதையாக இருந்துவந்தது. இவர்கள் மாத்திரை எழுத முடியாது. குழந்தையின் கற்றல் குறைபாட்டைச் சோதித்தறிவதும், பேச்சுவழிச் சிகிச்சை தருவதும் இவர்கள் வேலை. தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில், பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு மனநலக் கோளாறு இருந்தது. அவர்களில் சிகிச்சை எட்டாதவர்கள், கோளாறைப் பொறுத்து, 70 முதல் 92 சதவீதம். அவ்வளவு தேவை, அவ்வளவு குறைவான ஆள். சென்னையில் ஓர் அமர்வுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் வாங்குவது இன்று சாதாரணம். எம்.ஃபில். இடங்கள் மிகக் குறைவாகவே இருந்தன, அந்தப் படிப்பே இப்போது மாறிக்கொண்டிருக்கிறது என்பதையும் மறைக்கக் கூடாது. சேருமுன் கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலைப் பார்த்தே தீர வேண்டும்.

அரசு வேலை இல்லை என்பது அடுத்த பேச்சு. அதுவும் தவறு. இராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி.யின் ஐந்து நாள்களில், இரண்டாம் நாள் உளவியல் சோதனைகளுக்கானது. அந்தத் தேர்வுமுறைக்குப் பின்னால் இருப்பது, பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் உளவியல் ஆராய்ச்சி நிறுவனம். டி.ஆர்.டி.ஓ.வில் விஞ்ஞானி 'பி' பணிக்கு அடிப்படைச் சம்பளம் மட்டும் 56,100 ரூபாய். ஏழாவது ஊதியக்குழுப்படி உதவிப் பேராசிரியருக்கு 57,700. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை கிடைத்தால் ஆராய்ச்சி செய்யும்போதே மாதம் 37,000. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் கவுன்சலர் நியமிக்க வேண்டும் என்பது விதி. அங்கே சம்பளம் பள்ளிக்குப் பள்ளி மாறும், அதைப் பெரிதாகச் சொல்ல மாட்டேன்.

எனக்கு மிகவும் கோபம் தருவது, கணக்கு வராதவர்களுக்கான பாடம் இது என்ற பேச்சு. மாணவர்களை உண்மையில் கெடுப்பது இதுதான். உளவியலின் முதுகெலும்பே அளவிடுதல். ஒரு கேள்வித்தாள் கேட்க நினைத்ததைத்தான் கேட்கிறதா, கிடைத்த வித்தியாசம் தற்செயலா என்று சோதிக்கத் தெரியாதவர் உளவியல் படித்தவரே அல்ல. அது தெரிந்தவருக்கு ஐ.டி. நிறுவனங்களின் கதவும் திறக்கிறது. ஒரு செயலியில் பணம் செலுத்த வந்தவர் எந்தத் திரையில் குழம்பித் திரும்பிப் போகிறார் என்று ஆராயும் யூஎக்ஸ் ரிசர்ச்சர், ஊழியர்கள் ஏன் விலகுகிறார்கள் என்று எண்களிலிருந்து கண்டுபிடிக்கும் எச்.ஆர். பிரிவினர், நுகர்வோர் ஆய்வாளர் என்று எல்லோருக்கும் வேண்டியது, மனிதரையும் எண்ணையும் சேர்த்துப் படிக்கும் இந்தப் பயிற்சிதான். 2002இல் பொருளாதார நோபல் பெற்ற டேனியல் கானமன் உளவியலாளர். மனிதர்கள் ஆதாயத்தையும் நட்டத்தையும் எப்படி எடைபோடுகிறார்கள் என்பதைச் சோதனைகள் செய்தே அவர் காட்டினார்.

ஆகவே பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். விண்ணப்பத்தில் பாடத்தை மாற்றும் முன், அந்தக் கல்லூரியில் புள்ளியியல் தாள்கள் எத்தனை, சோதனைக்கூடம் இருக்கிறதா, மாணவர்களை மருத்துவமனைக்கும் நிறுவனங்களுக்கும் களப்பயிற்சிக்கு அனுப்புகிறார்களா என்று விசாரியுங்கள். பதில் சரியாக இருந்தால், மகள் எழுதியதை அடிக்காதீர்கள்.