பச்சைச் சான்றிதழும் மேல்தட்டு வெக்கையும்

பிரித்தானியாவின் பெருஞ்சாலைகளை அண்டி எழும் புதிய களஞ்சியசாலைகள் பலவற்றுக்குப் பச்சைச் சான்றிதழ் உண்டு. 1990இல் தோன்றிய ‘பிறீயம்’ என்னும் தரப்படுத்தலே இங்கு பெருவழக்கு. மின்சாரம், நீர், கட்டடப்பொருள், கழிவு, போக்குவரத்து எனப் பல தலைப்புகளிற் புள்ளிகள் வழங்கப்படுகின்றன. உள்ளே வேலை செய்பவரின் உடலுக்கு இசைந்த வெப்பநிலைக்கும் அதிற் புள்ளி உண்டு. ஆனால் அது கட்டாயமன்று. அதனை விட்டுவிட்டு வேறிடத்தில் ஈடுசெய்தாலும் உயர்தரச் சான்றிதழ் கிடைத்துவிடும்.

சான்றிதழ் பொய்யென்று நான் கூறவில்லை. கூரை ஒளிப்பலகைகளால் மின்விளக்குச் செலவு குறைவது உண்மையே. கோடையில் அதே பலகைகள் வெயிலின் வெம்மையையும் உள்ளே விடுகின்றன. சூடேறிய காற்று மேலெழுந்து கூரையின் கீழ்த் தங்குகின்றது. அங்கேதான், இரும்புத் தூண்களின் மேல் அமைந்த இரண்டாம் மூன்றாம் தட்டுகளில், எம்மவர் பொருள் பொறுக்கி நடக்கின்றனர். கீழே லொறி வாயிலருகே நிற்கும் மேற்பார்வையாளருக்கு அந்த வெக்கை தெரிவதில்லை. அலுவலக அறைக்கோ குளிரூட்டி.

இயற்கைக் காற்றோட்டம் புதுமையன்று. எமது நாற்சார் வீடுகளின் முற்றம் செய்த வேலையும் அதுவே. கீழே குளிர்காற்று நுழையவும் மேலே வெப்பக்காற்று வெளியேறவும் வழி வேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட உயரம் கூடக்கூட ஓட்டமும் கூடும். உயர்ந்த களஞ்சியசாலையைவிட இதற்கு வாய்ப்பான கட்டடம் ஏது? ஆனால் திருட்டுக்கு அஞ்சிக் கதவுகளையும், மழைக்கு அஞ்சிக் கூரைத் துவாரங்களையும் மூடிவிடுகின்றனர். இரவிலே திறந்துவைத்தால் பகலிற் சூடேறிய கொங்கிறீற்றுத் தளம் ஆறும். வெளியிலும் அனல் வீசினால் இவ்வோட்டம் மட்டும் போதாது. மின்விசிறியும் காற்றைக் குளிர்விப்பதில்லை. வியர்வையை உலர்த்துகின்றது, அவ்வளவே. 2022 யூலை 19இல் லிங்கன்ஷயரின் கொனிங்ஸ்பியில் 40.3 பாகை பதிவானது. அத்தகைய நாளில் ஓய்வும் தண்ணீருமே காப்பு.

சட்டம் என்ன சொல்கின்றது? 1992ஆம் ஆண்டின் வேலைத்தல விதிகள் ‘நியாயமான’ வெப்பநிலையைக் கோருகின்றன. அவற்றுக்கான வழிகாட்டி 16 பாகை, கடும் உடலுழைப்பெனில் 13 பாகை எனக் கீழெல்லை காட்டியது. விதிகளில் மேலெல்லை எழுதப்படவில்லை. குளிருக்கு எண் எழுதியவர்கள் வெக்கைக்கு எழுத மறந்தார்கள் போலும்! தொழிற்சங்கப் பேரவை 30 பாகையும், கடும் உழைப்புக்கு 27 பாகையும் மேலெல்லையாகக் கேட்டுள்ளது. நியாயமான கோரிக்கை.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. தொழிலாளர் வெப்பநிலையை அறிவதற்குப் போதிய வெப்பமானிகள் வைக்கப்படவேண்டும் என்பதும் அதே விதிகளில் உள்ளது. வதிவிட அனுமதிக்குப் பாதகம் வருமோ என்றஞ்சி எம்மவரிற் பலர் வாய் திறப்பதில்லை. வெப்பமானி கேட்பது கலகமன்று. அது கீழ்வாயிலில் அன்றி மேல்தட்டில் மாட்டப்படவேண்டும். கருவுற்றோரும் நீரிழிவு, இருதய நோய் உள்ளோரும் வெக்கை நாட்களிற் கீழ்த்தளத்திற்கு மாற்றப்படவேண்டும். மணிக்கு மணி அளவைக் குறித்துக்கொண்டு, நால்வராய்ச் சேர்ந்து முகாமையாளரைச் சந்தியுங்கள். கூரைத் துவாரங்களை யார், எத்தனை மணிக்குத் திறப்பார் என்று எழுத்திற் கேளுங்கள்.