கடிதம் கல்லூரியிலிருந்து வரவேண்டும்



சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, முன்னேஸ்வரத்தில் அர்ச்சனை செய்துவிட்டு ஓர் அக்கா நேராக எமது சிலாபம் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு சொப்பிங் பை. அதற்குள் காணி உறுதியும், மகளின் பெயருக்கு வந்த ஓர் ஆங்கிலக் கடிதமும் இருந்தன.

"மிஸ், இது கனடாக் கல்லூரியில இடம் கிடைச்ச கடிதம் எண்டு சொல்லுறாங்கள். உறுதியை ஈடு வைச்சு முதலில 8 இலட்சம் கட்டட்டாம். நான் கட்டலாமா?"

இவருடைய கணவர் 2009இல் வன்னியில் காணாமற்போனவர். முகாமிலிருந்து வெளியே வந்தபின் சிலாபத்திலுள்ள தமக்கையின் வீட்டுக்கு வந்து, கருவாடு போட்டுப் பிள்ளைகளை வளர்த்தவர். உறுதியிலுள்ள காணி அவருடைய தாய் சீதனமாகக் கொடுத்தது. மூத்த மகள் உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் சித்தியடைந்தாள். பல்கலைக்கழக அனுமதி மட்டும் கிடைக்கவில்லை.

இந்தக் கேள்வியோடு வந்த முதல் தாய் இவரல்ல. ஒரு காலத்தில் எமது கரையிலிருந்து பிள்ளைகள் படகேறி அவுஸ்திரேலியாவுக்குப் போனார்கள். 2013ஆம் ஆண்டிலிருந்து அந்நாடு படகுகளைத் திருப்பி அனுப்பி வருகிறது. இப்போது எங்கும் கேட்பது 'ஸ்டூடன்ட் விசா' என்ற பேச்சு. அது சட்டப்படியான வழி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த வழியில் என்னென்ன கேட்கப்படும் என்பது தெரியாமல் காணியை ஈடு வைக்கக்கூடாது.

சமுதாயக் கல்லூரி என்றால் என்ன?

அமெரிக்காவிலும் கனடாவிலும் பல்கலைக்கழகங்களுக்கு அப்பால் இன்னொரு வகைக் கல்லூரிகள் இருக்கின்றன. எமது தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு ஓரளவு ஒப்பானவை. கணக்கியல், முதியோர் பராமரிப்பு, கணினி, சமையற்கலை போன்றவற்றை ஓரிரு ஆண்டுகளில் கற்பிக்கின்றன. அமெரிக்காவில் 2 ஆண்டுகள் படித்துவிட்டு, மூன்றாம் ஆண்டுக்குப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு மாறவும் முடியும். அனுமதி பெறுவது பல்கலைக்கழகத்தைவிட இலகு. பெரும்பாலும் கட்டணமும் குறைவு. சராசரிப் பெறுபேறு பெற்ற பிள்ளைக்கு இது நல்ல வாய்ப்புத்தான். ஆனால் வெளிநாட்டு மாணவர்களுக்கான கட்டணம் அந்நாட்டுப் பிள்ளைகள் கட்டுவதைவிடப் பல மடங்கு என்பதை மறக்கக்கூடாது.

என்ன கேட்பார்கள்?

கனடாவை எடுத்துக்கொள்வோம். முதலாவது, வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்க அனுமதி பெற்ற கல்லூரி ஒன்றின் அனுமதிக் கடிதம். இரண்டாவது, 2024 ஜனவரியிலிருந்து கல்லூரி மாணவர்களுக்கு அந்த மாகாணம் வழங்கும் உறுதிப்படுத்தல் கடிதமும் தேவை. மூன்றாவது, ஆங்கிலத் தகைமை. ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சையில் 6 அல்லது 6.5 புள்ளியைப் பல கல்லூரிகள் கேட்கின்றன. அந்தப் பெறுபேறு 2 ஆண்டுகளுக்கே செல்லும்.

நான்காவதுதான் எம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய மலை. அது பணம். பல ஆண்டுகளாக வாழ்க்கைச் செலவுக்கு 10,000 கனேடிய டொலர் காட்டினால் போதுமாக இருந்தது. 2024 ஜனவரியில் அது 20,635 ஆனது. 2025 செப்டெம்பர் 1ஆம் திகதியிலிருந்து, கியூபெக் தவிர்ந்த மாகாணங்களில், தனி ஆளுக்கு 22,895 டொலர். ஒரு டொலரை 200 ரூபாய் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 45 இலட்சத்துக்கு மேல் வருகிறது. முதலாம் ஆண்டுக் கட்டணமும் விமானச் செலவும் இதற்குப் புறம்பானவை.

"போய் வேலை செய்து அடைக்கலாம்" என்று முகவர் சொல்வார். படிப்புக் காலத்தில் கல்லூரிக்கு வெளியே வாரத்துக்கு 24 மணித்தியாலம் வரையே வேலை செய்ய அனுமதி உண்டு. "படித்து முடித்ததும் வேலை விசா நிச்சயம்" என்றும் சொல்வார். 2024 நவம்பரிலிருந்து கல்லூரி டிப்ளோமா படிப்போருக்கு, அரசு பட்டியலிட்ட துறைகளில் படித்தால் மட்டுமே அந்த விசாவுக்கு வழியுண்டு. ஆகவே எந்தப் பாடநெறி என்று கேட்காமல் சம்மதிக்க வேண்டாம்.

சில முகவர்கள் வங்கிக் கணக்கில் காட்டுவதற்கென்று பணத்தை வட்டிக்குப் போட்டுத் தருகிறார்கள். அது அகப்பட்டால் விண்ணப்பித்த பிள்ளைதான் பொறுப்பு. பொய்த் தகவல் கொடுத்தவர் 5 ஆண்டுகளுக்குக் கனடாவுக்குள் வரமுடியாது என்று அந்நாட்டுச் சட்டம் சொல்கிறது.

பஞ்சாபில் நடந்தது

இந்தியாவின் பஞ்சாபிலிருந்து கனடாவுக்குப் போன மாணவர்கள் பலர், பல ஆண்டுகள் படித்து, வேலையும் செய்த பின்னர்தான், தங்களை அனுப்பிய முகவர் கொடுத்த அனுமதிக் கடிதம் போலி என்று அறிந்துகொண்டார்கள். 2023இல் நாடுகடத்தும் கட்டளைகள் அவர்களுக்கு வந்தன. பிள்ளைகள் வீதியில் இறங்கிப் போராடினார்கள். உண்மையாகப் படிக்க வந்து ஏமாற்றப்பட்டவர்கள் என்று ஒவ்வொருவராக ஆராய்ந்து கண்டவர்களைத் தங்கவிட அரசு இணங்கியது. அந்த முகவர் 2024இல் கனேடிய நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 3 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

இதன்பின் 2023 டிசெம்பர் 1ஆம் திகதியிலிருந்து, ஒவ்வோர் அனுமதிக் கடிதத்தையும் கனேடிய அரசு கல்லூரியிடமே கேட்டு உறுதிசெய்கிறது. போலிக் கடிதத்தோடு இனி விசா கிடைப்பது கடினம். ஆனால் அதற்குள் முகவருக்குக் கட்டிய பணமும் ஈடு வைத்த காணியும் போயிருக்கும்.

நாங்கள் செய்து பார்த்தது

அக்காவையும் மகளையும் அழைத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள கொமினிகேஷன் கடைக்குப் போனேன். கனேடிய அரசின் இணையத்தளத்தில் அனுமதி பெற்ற கல்லூரிகளின் பட்டியல் இருக்கிறது. கடிதத்திலிருந்த கல்லூரியின் பெயரும் அதில் இருந்தது. அக்காவின் முகம் மலர்ந்தது. நானும் நம்பிவிட்டேன்.

மகள்தான் நிறுத்தினாள். "மிஸ், கடிதத்தில இருக்கிற மின்னஞ்சல் கல்லூரியின்ர இல்லை. சாதாரண ஜிமெயில்" என்றாள். கல்லூரியின் சொந்த இணையத்தளத்திலிருந்து முகவரியை எடுத்து, கடிதத்திலிருந்த மாணவர் இலக்கத்தைக் குறிப்பிட்டு அவளே எழுதினாள். மூன்றாம் நாள் பதில் வந்தது. அந்த இலக்கத்தில் எவரும் விண்ணப்பிக்கவில்லை. கல்லூரி உண்மை, கடிதம் பொய்.

ஆகவே பட்டியலில் பெயர் இருப்பது மட்டும் போதாது. விண்ணப்பத்தைப் பிள்ளையே தன் சொந்த மின்னஞ்சலிலிருந்து அனுப்பட்டும். கடிதம் கல்லூரியிலிருந்து பிள்ளைக்கு நேரே வரட்டும். கல்விக் கட்டணம் கல்லூரிக்கே நேரடியாகப் போகட்டும். முகவர் இதற்கு மறுத்தால் எழும்பி வந்துவிடுங்கள். வேலைக்கு ஆள் அனுப்பும் முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் கேட்கலாம். அந்தச் சட்டம் வேலைக்குப் போவோருக்கானது. படிக்க அனுப்புகிறவர்களுக்கு அந்த அனுமதிப்பத்திரம் காவலாக இராது.

எமது பத்திரங்கள்

எந்த நாட்டுக்குப் போவதானாலும் வேலை எமது பிரதேச செயலகத்தில்தான் தொடங்குகிறது. இடப்பெயர்வில் பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால் அங்கே பிரதி பெறலாம். பதிவேடே அழிந்திருந்தால் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் வழி கேளுங்கள். பரீட்சைப் பெறுபேறுகளைப் பரீட்சைத் திணைக்களம் மீண்டும் வழங்கும். தமிழிலுள்ளவற்றைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கொண்டே மாற்ற வேண்டும்.

படிவத்தில் 'தந்தை' என்ற இடம் வரும்போது எமது பெண்கள் பலர் தடுமாறுகிறார்கள். இறப்புச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்புவதில்லை. உயிரோடு இருக்கிறார் என்று எழுதவும் முடிவதில்லை. 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி, காணாமற்போனவருக்கு 'காணப்படாமைச் சான்றிதழ்' பெறமுடியும். பதிவாளர் நாயகம் திணைக்களம் இதனை வழங்குகிறது. இது அவர் இறந்துவிட்டார் என்று சொல்லும் பத்திரமல்ல. செலவுக்கு யார் பொறுப்பு என்று விசா அதிகாரி கேட்கும்போது, தந்தையின் கையெழுத்து ஏன் இல்லை என்பதை இதைக் கொண்டு உள்ளபடியே விளக்கலாம். பொய் எழுத வேண்டியதில்லை.

வேறு வழிகள்

காணியை ஈடு வைக்காத வழிகளும் உள்ளன. இந்திய உயர்ஸ்தானிகராலயம் நேரு நினைவுப் புலமைப்பரிசில், மௌலானா ஆசாத் புலமைப்பரிசில் போன்ற திட்டங்களின் கீழ் எமது மாணவர்களுக்கு இந்தியாவில் படிக்க உதவுகிறது. கட்டணத்தோடு மாதாந்தக் கொடுப்பனவும் உண்டு, முகவர் தேவையில்லை. அமெரிக்கக் கல்லூரி பற்றி அறிய, கொழும்பிலுள்ள அமெரிக்க - இலங்கை ஃபுல்பிரைட் ஆணைக்குழுவில் இலவச ஆலோசனை பெறலாம்.

உள்நாட்டில் தேசிய தொழிற் தகைமை, அதாவது என்.வி.கியூ., 7 மட்டங்களைக் கொண்டது. 5ஆம் 6ஆம் மட்டங்கள் டிப்ளோமா, 7 பட்டம். கிளிநொச்சியில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை - ஜேர்மன் பயிற்சி நிறுவனத்திலும் இத்தகைமைகளுக்குப் படிக்கலாம். வேலை செய்துகொண்டே படிக்கத் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது.

அக்காவின் மகள் இப்போது கணக்கியல் பாடநெறி ஒன்றுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். ஆங்கில வகுப்புக்கும் போகிறாள். கனடா ஆசையை அவள் விடவில்லை. "இரண்டு வருசத்தில நானே எழுதுவன் மிஸ்" என்கிறாள். உறுதி அலுமாரிக்குத் திரும்பிவிட்டது. முகவரிடம் முன்னரே கொடுத்த 25,000 ரூபாய்தான் இன்னும் திரும்பவில்லை. அதற்காகப் பொலிஸில் முறைப்பாடு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கடிதம் இருந்தால், உறுதியில் கை வைக்கும் முன் அந்தக் கடிதத்தை எம்மிடம் கொண்டு வாருங்கள். சேர்ந்திருந்து வாசித்துப் பார்ப்போம்.

அடுத்த இதழில் சந்திப்போம்.