பழைய குறியும் புதிய மொழியும்

புதிய கணிப்பொறி மொழியை அமைப்போர் முன்னை மொழிகளிடம் கடன் பெறுதல் இயல்பே. ஆராயாது பெறுவதையே நாம் குறை கூறுகிறோம்.

1960இல் வரையறுக்கப்பெற்ற 'அல்கால் 60' மொழியில், ஒரு மாறிக்கு மதிப்பை அளிக்க முக்காற்புள்ளியோடு கூடிய சமக்குறி பயின்றது. தனிச் சமக்குறி ஒப்பிடுதற்கு உரியது. (ஒன்பதாம் நூற்றாண்டின் பாக்தாத் அறிஞர் அல்குவாரிஸ்மியின் பெயர் அம்மொழிப் பெயருள் மறைந்திருப்பதை நம் மாணவர் அறிதல் நலம்.) அதன் வழிவந்த 'பிசிபிஎல்' மொழியைச் சுருக்கிக் கென் தாம்சன் 'பி' மொழியைச் சமைத்தபோது முக்காற்புள்ளி உதிர்ந்தது, ஒப்பிடுதற்கு இரட்டைச் சமக்குறி வந்தது. டென்னிஸ் ரிச்சியின் 'சி' அதனை அப்படியே ஏற்றது. விளைவு? நிபந்தனைக்குள் ஒரு குறி குறைந்தால் ஒப்பீடு மதிப்பளிப்பாகிவிடும். கம்பைலரும் அதைப் பிழையெனத் தள்ளுவதில்லை. ஆய்வுக்கூடத்தில் இதனைத் தேடிப் பிற்பகல் முழுவதையும் இழந்த மாணவர் எத்தனை பேர்!

1995இல் வந்த ஜாவா, 'சி' பழகியோர் தயங்காது வரும்பொருட்டு அக்குறியையே வைத்துக்கொண்டது. ஆயினும் நிபந்தனையில் மெய், பொய் என்னும் மதிப்பே வரவேண்டுமென விதித்துப் பெரும்பாலான இடறல்களைத் தடுத்தது. இது போற்றத்தக்கது. ஆனால் சுழியில் தொடங்கும் எண்ணை எட்டின் அடிமானத்தில் கொள்ளும் 'சி'யின் வழக்கத்தை அது விடவில்லை. ஜாவாவில் 010 என்பது பத்தன்று, எட்டு! பைத்தானும் இதனைச் சுமந்தது. 2008இல் வெளியான மூன்றாம் பதிப்பில், பழைய நிரல்கள் திருத்தம் வேண்டி நிற்கும் என்றறிந்தும் துறந்தது. காக்க வேண்டிய பழைய நிரல் ஏதுமில்லாத தொடக்க நாளிலேயே ஜாவாவும் துறந்திருக்கலாம் என்பதே நம் கருத்து.