மரத்தைத் தாண்டாத ராட்சசன்

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷையரில் இருக்கும் ஆல்டன் டவர்ஸ் கேளிக்கைப் பூங்காவுக்கு ஒரு விசித்திரமான கட்டுப்பாடு உண்டு. அங்கே எந்த ராட்டினம் கட்டினாலும் அது மரங்களின் உச்சிக்கு மேல் தலை நீட்டக் கூடாது. சுற்றிலும் கிராமங்கள், புல்வெளிகள். நடுவில் ஷ்ரூஸ்பரி பிரபுக்கள் ஒரு காலத்தில் வாழ்ந்த மாளிகையின் இடிபாடு. கிராமத்துக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. சத்தம் தாங்கவில்லை என்று பூங்கா மீது வழக்கே போட்டிருக்கிறார்கள். உயரத்தை விளம்பரம் செய்தே பிழைக்கும் ரோலர் கோஸ்டர் தொழிலில் இது, கையைக் கட்டிவிட்டு நீந்தச் சொல்வது மாதிரி.

எனவே அவர்கள் கீழ்நோக்கிப் போனார்கள். பாறையைக் குடைந்து, பெரிய பள்ளம் தோண்டி, அதற்குள் இரும்புத் தடத்தைச் சுருட்டி வைத்தார்கள். 1994 மார்ச்சில் திறக்கப்பட்ட அந்த ரோலர் கோஸ்டருக்குப் பெயர் நெமிசிஸ். யோசனை ஜான் வார்ட்லியுடையது. ஜேம்ஸ் பாண்ட் படங்களுக்கு ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் வேலை பார்த்துவிட்டுக் கேளிக்கைப் பூங்காக்களுக்கு வந்தவர். செய்து கொடுத்தது சுவிட்சர்லாந்தின் பொலிகர் அண்ட் மாபியார் கம்பெனி. ரயில் தண்டவாளத்தின் மேல் ஓடாது, அடியில் தொங்கிக்கொண்டு ஓடும். பயணியின் கால்களுக்குக் கீழே எதுவும் கிடையாது. ஐரோப்பாவில் இந்த ரகத்தில் அதுதான் முதல்.

கணக்கைப் பாருங்கள். தரைக்கு மேல் உயரம் 13 மீட்டர்; நம் ஊர் நாலு மாடிக் கட்டடம். ஆனால் சரிவு சுமார் 32 மீட்டர். மிச்சம் மண்ணுக்குள் இருக்கிறது. வேகம் மணிக்கு 81 கி.மீ.தான், டெல்லி - ஆக்ரா சாலையில் எந்தக் கார் டிரைவரும் ஏளனம் செய்வார். ஆனால் பாறைச் சுவர் முழங்காலை உரசிவிடும் போல் பாயும்போது 81 என்பது வேறு எண். வெட்டவெளியில் வேகத்தை அளந்து பார்க்க மனசுக்கு ஒன்றும் அகப்படாது. பக்கத்தில் பாறை இருந்தால்தான் வேகம் தெரியும்.

அதே 1994ல் பிளாக்பூல் கடற்கரையில் 65 மீட்டர் உயரத்துக்கு ஒன்றைக் கட்டி, உலகிலேயே உயரமானது என்று அறிவித்தார்கள். அந்தப் பட்டம் நிலைக்கவில்லை. உயரப் போட்டியில் எந்தப் பட்டமும் நிலைப்பதில்லை. அமெரிக்காவின் நியூஜெர்சியில் 2005ல் எழுந்த கிங்டா கா 139 மீட்டர். பல வருஷம் உலக சாம்பியன். 2025 பிப்ரவரியில் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். பள்ளத்தில் கிடக்கும் நெமிசிஸுக்கோ அதன் ரசிகர்கள் இன்னமும் வருகிறார்கள்.

28 வருஷம் ஓடிய பிறகு 2022 நவம்பரில் அதை நிறுத்தினார்கள். தடத்தைக் கழற்றி, அதே வளைவுகளோடு புதிதாகச் செய்து பொருத்தி, 2024 மார்ச்சில் 'நெமிசிஸ் ரீபார்ன்' என்று திறந்தார்கள். பழைய ஓட்டை உடைசலை விற்றுவிட்டு இன்னும் பெரியதாக ஒன்று வாங்குவதுதான் இந்தத் தொழிலின் வழக்கம். பழையதை அச்சு அசலாக மறுபடி செய்திருக்கிறார்கள் என்றதும் எனக்குப் பார்க்க ஆசை வந்தது. கோயிலைப் பிரித்துக் கட்டுகிற சமாசாரம் போல இருந்தது. அந்தக் கோடையில் பர்மிங்ஹாமில் அக்கா மகன் வீட்டில் தங்கியிருந்தேன். காரில் கிளம்பினால் காலை உணவு ஜீரணமாவதற்குள் போய்விடலாம். ஜீரணமாகியிருந்தால் நல்லது என்று பிற்பாடு தோன்றியது.

வரிசை பள்ளத்தைச் சுற்றிச் சுற்றிப் போகிறது. செந்நிறத் தண்ணீர் பாறைகள் மேல் ரத்தம் மாதிரி வழிகிறது. தலைக்கு மேல் திடீரென்று முப்பத்திரண்டு ஜோடிக் கால்கள் அலறிக்கொண்டு பறந்து போகும். ஒரு மணி நேரம் இதையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். இந்தக் காத்திருப்பும் வடிவமைப்பில் சேர்த்திதான் என்பது என் எண்ணம். நேராகக் கொண்டுபோய் உட்கார வைத்திருந்தால் பாதி பயம் கிடைத்திருக்காது.

தோள்களின் மேல் கனமான பட்டை இறங்கிப் பூட்டிக்கொண்டது. ஒரு பெண் வந்து அதை இழுத்துப் பார்த்தாள். இருபது வயதிருக்கும். என் முகத்தைப் பார்க்கவில்லை, பட்டையை மட்டும் பார்த்தாள்.

"கண்ணை மட்டும் மூடிக்காதீங்க மாமா. மூடினா வாந்தி வரும்" என்றான் அக்கா மகன்.

சங்கிலி இழுத்துக்கொண்டு போய் உச்சியில் விட்டது. அப்புறம் நடந்ததை வரிசையாகச் சொல்ல முடியாது. வானம், பாறை, என் செருப்பு, மறுபடி பாறை. நாலு தடவை தலைகீழ். ஓரிடத்தில் உடம்பில் எடையே இல்லை. குடல் தனியாகப் புறப்பட்டுப் போனது. அடுத்த நொடி மூன்று ஆள் மடியில் உட்கார்ந்த மாதிரி கனம், கன்னங்கள் தொங்கின. ஆனால் எங்கேயும் ஒரு குலுக்கல், ஓர் இடி கிடையாது. 1895ல் நியூயார்க் கோனி தீவில் முழு வட்டமாக ஒரு சுழல் கட்டி, ஏறியவர்களின் கழுத்தைப் பதம் பார்த்தார்கள். 1976ல் ஜெர்மன் பொறியாளர் வெர்னர் ஸ்டெங்கல் கலிஃபோர்னியாவில் அந்த வட்டத்தைக் கண்ணீர்த்துளி வடிவத்துக்கு மாற்றிய பிறகுதான் மனிதன் நிம்மதியாகத் தலைகீழாக முடிந்தது. நாம் கட்டுப்பாடு இழந்து விழுவதாக நினைக்கும் ஒவ்வொரு நொடியையும் யாரோ ஒருவர் முன்கூட்டியே காகிதத்தில் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்.

சக்கரங்கள் தண்டவாளத்தை மேல், பக்கம், அடி என்று மூன்று புறமும் கவ்வியிருக்கின்றன. பிரேக்குகள் காற்றழுத்தம் இருந்தால்தான் திறக்கும். மின்சாரம் போனால் தானாக மூடிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேல் பிளாக் முறை. நம் ரயில்வேக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். தடத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியில் ஒரு ரயில்தான் இருக்கலாம் என்று வைப்பது. முன்னால் உள்ள பகுதி காலியானதாகத் தெரிந்தாலொழிய பின்னால் உள்ள ரயிலைக் கம்ப்யூட்டர் விடாது.

இதே பூங்காவில், நெமிசிஸிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஸ்மைலர் இருக்கிறது. 2013ல் திறந்தார்கள், 14 முறை தலைகீழாக்கும், உலக சாதனை. 2015 ஜூன் 2ந் தேதி, சோதனைக்காக ஆளில்லாமல் அனுப்பப்பட்ட ரயில் ஒன்று சுற்றை முடிக்காமல் தடத்தின் நடுவே நின்றுவிட்டது. பின்னால் 16 பேரோடு வந்த ரயிலைக் கம்ப்யூட்டர் நிறுத்தியது. அது செய்ய வேண்டியதை அச்சுப் பிசகாமல் செய்தது. ஆனால் பொறியாளர்கள் காலி ரயிலைக் கவனிக்கவில்லை. கம்ப்யூட்டர்தான் கோளாறு என்று நினைத்து, அதன் தடையை மீறி ரயிலை அனுப்பினார்கள். போய் மோதியது. காயமடைந்தவர்களைத் தரையிலிருந்து பல அடி உயரத்தில் சாய்ந்து கிடந்த ரயிலிலிருந்து இறக்க மணிக்கணக்கில் ஆனது. இரண்டு இளம்பெண்கள் ஆளுக்கு ஒரு கால் இழந்தார்கள்.

விசாரித்த அரசு அமைப்பு தடத்திலோ, ரயிலிலோ, கட்டுப்பாட்டு எந்திரத்திலோ பழுதில்லை என்றது. அந்தப் பொறியாளர்களைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டுக் கதையை முடிக்கவும் இல்லை. தடையை மீற வேண்டி வந்தால் யாரைக் கேட்பது, எதைச் சரிபார்ப்பது என்று ஒழுங்கான நடைமுறை வைக்காத கம்பெனிதான் குற்றவாளி என்று வழக்குப் போட்டார்கள். மெர்லின் கம்பெனி ஒப்புக்கொண்டது. 2016 செப்டம்பரில் 50 லட்சம் பவுண்டு அபராதம்.

இந்த இடத்தில் நம் ஊர் நினைவு வருவதைத் தடுக்க முடியவில்லை. 2019 ஜூலையில் அகமதாபாத் காங்கரியா ஏரிக்கரையில் ஊசல் போல் ஆடும் ராட்டினம் முறிந்து விழுந்து இரண்டு பேர் இறந்தார்கள். நல்ல எந்திரம் நமக்குக் கிடைக்காமல் இல்லை. மும்பை - புனே வழியில் கோபோலியில் உள்ள இமாஜிகாவின் நைட்ரோ, நெமிசிஸைச் செய்த அதே சுவிஸ் கம்பெனியின் தயாரிப்பு. அபராதத்துக்குப் பிறகு ஆல்டன் டவர்ஸில் மாற வேண்டியிருந்ததும் எந்திரம் அல்ல. பொத்தானில் கை வைக்கும் முன் என்ன செய்வது என்ற காகிதம். நம் திருவிழா மைதானங்களில் அந்தக் காகிதம் யார் பையில் இருக்கிறது? ராட்டினத்துக்கு வெளியே உயரமும் கட்டணமும் எழுதிய பலகையை எங்கும் பார்த்திருக்கிறேன். கடைசியாக இதைச் சோதித்தவர் யார், என்றைக்கு என்று எழுதிய பலகையை நான் போன எந்த மைதானத்திலும் பார்த்ததில்லை. ராட்டினக்காரரைக் கேட்டால் "முப்பது வருஷமா ஓட்டுறேன் சார்" என்பார். அதுதான் சர்டிஃபிகேட்.

ஸ்மைலரை 2016 மார்ச்சில் மறுபடி திறந்தார்கள். நாங்கள் அங்கே போய் நின்றபோது காத்திருக்கும் நேரம் 70 நிமிடம் என்று பலகை காட்டியது. வரிசையில் இருந்தவர்களில் பாதிப் பேர் பள்ளிப் பிள்ளைகள். ஒரு காலி ரயில் மேலே ஏறி, சுற்றி, நல்லபடியாக நிலையத்துக்குத் திரும்பியது. கட்டுப்பாட்டு அறைக் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு பேர். ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், இன்னொருவர் எழுந்து நின்று தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா, போலாமா?" என்றான்.

எழுந்து நின்றவர் உட்காரும்வரை காத்திருந்துவிட்டு, போகலாம் என்றேன்.