அருவி உங்களுக்கு, அலுப்பு எங்களுக்கு

காணொளிக் கூட்டத்தில் ஒருவர் காலாண்டு வரவுசெலவைப் படித்துக்கொண்டிருக்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால் அருவி கொட்டுகிறது. இப்படி ஒரு பின்னணியை அமைப்பது இன்று பெரிய வேலையில்லை. ஜூமில் ஒரு எம்பி4 கோப்பை ஏற்றினால் போதும். கூகுள் மீட்டும் மைக்ரோசாஃப்ட் டீம்ஸும் அசையும் பின்னணிகளைத் தயாராகவே வைத்திருக்கின்றன. இவ்வளவு சுலபமாகக் கிடைப்பதாலோ என்னவோ, சட்டை நிறத்தைப் போல இதுவும் அவரவர் ரசனை என்று விட்டுவிடுகிறோம். அப்படி விடக் கூடாது என்பது என் கட்சி. அசையும் பின்னணியைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர், அதன் செலவைக் கட்டுபவர்கள் எதிரே உட்கார்ந்திருக்கும் பத்துப் பேர்.

செலவு முதலில் முகத்தில் தெரிகிறது. காணொளியைச் சுருக்கி அனுப்பும் மென்பொருள் ஒவ்வொரு ஃபிரேமையும் முழுதாக அனுப்புவதில்லை. முந்தைய ஃபிரேமிலிருந்து எது மாறியதோ அதைத்தான் பெரும்பாலும் அனுப்புகிறது. வெள்ளையடித்த சுவர் மாறுவதில்லை. அதற்குத் தரவு அவ்வளவாகச் செலவாகாது, மிச்சமெல்லாம் கண்ணுக்கும் உதட்டுக்கும் போய்ச் சேரும். அருவி, மழை, காற்றில் ஆடும் இலைகள் ஆகியவை இந்த மென்பொருளுக்கு எமன். ஒவ்வொரு துளியும் ஒவ்வொரு ஃபிரேமிலும் இடம் மாறுவதால் எதையும் மிச்சம் பிடிக்க முடியாது. இருவர் பேசும் அழைப்புக்கு வினாடிக்கு 600 கிலோபிட், 720பி தரம் என்றால் 1.2 மெகாபிட் என்பது ஜூம் பரிந்துரைக்கும் அளவு. அதற்குள் முகமும் அருவியும் பங்கு போட வேண்டும். இணைப்பு கொஞ்சம் திணறினால் இரண்டுமே கட்டம் கட்டமாகச் சிதறும். உதட்டசைவைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளும் காது கேளாதவருக்கு அத்தோடு கூட்டம் முடிந்தது. இது போதாதென்று ஓரங்களின் கதை வேறு. ஆளைப் பின்னணியிலிருந்து பிரிக்கும் நிரலுக்கு ஆடும் ஜிமிக்கியும் நெற்றியில் விழும் முடியும் எப்போதுமே குழப்பம்தான். காபி டம்ளரைத் தூக்கினால் பாதி டம்ளர் காணாமல் போகும். நிலைப்படத்திலும் இந்தக் குறை உண்டு; ஆனால் பின்னால் தண்ணீரும் ஓடும்போது ஜிமிக்கி மின்னி மறைவது கண்ணைக் குத்துகிறது.

கண்ணுக்கு அசைவை அலட்சியம் செய்யத் தெரியாது, ஓரப்பார்வைக்கு அது இன்னும் கடினம். காணொளிக் கூட்டம் ஏன் களைப்பூட்டுகிறது என்று 2021-ல் எழுதிய ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன், திரையில் மிக நெருக்கத்தில் வரும் முகங்களையும், நம்மையே பார்த்துக்கொண்டிருப்பதையும், சைகைகளைப் புரிந்துகொள்ளக் கூடுதலாக உழைக்க வேண்டியிருப்பதையும் காரணம் காட்டினார். ஏற்கெனவே இவ்வளவு சுமக்கும் மூளையின் தலையில்தான் அருவியையும் கட்டுகிறோம். அருவி வைத்தவருக்காவது சுகமா என்றால் அதுவும் இல்லை. சிங்கப்பூரில் 600-க்கும் மேற்பட்ட ஜூம் பயனாளர்களிடம் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் நடத்தி 2024-ல் வெளியிட்ட ஆய்வில், காணொளிப் பின்னணி பயன்படுத்துவோர் கூடுதல் சோர்வைச் சொன்னார்கள். கேட்டுத் தொகுத்த ஆய்வு என்பதால் அசைவுதான் சோர்வுக்குக் காரணம் என்று அது நிறுவிவிடவில்லை. ஆனாலும் இணைய உலகம் இந்த வழக்கில் எப்போதோ தீர்ப்பு எழுதிவிட்டது. 2008-ல் வந்த இணைய அணுகல்தன்மை விதிகளின்படி, தானாகத் தொடங்கி, மற்ற உள்ளடக்கத்தின் பக்கத்தில் 5 வினாடிக்கு மேல் அசையும் எதையும் நிறுத்தப் பார்ப்பவருக்கு வழி இருக்க வேண்டும். விளம்பரப் பட்டைக்கே இந்த விதி என்றால், ஒரு மணி நேரம் கொட்டும் அருவிக்கு ஏன் இல்லை?

இதற்கு வரும் பதில்களில் ஒன்று கனமானது. ஒரே அறையில் கட்டிலும் பீரோவும் கொடியில் காயும் துணியுமாக இருக்கிற வீட்டை ஊருக்குக் காட்டச் சொல்வது அநியாயம். வாஸ்தவம்தான். வீட்டை மறைக்கும் உரிமையை நான் கேள்வி கேட்கவில்லை. ஆனால் மறைக்க ஒரு நிலைப்படம் போதும், அது அசைய வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. மங்கலாக்கும் வசதியைப் பலர் சிபாரிசு செய்வார்கள்; மேற்சொன்ன சிங்கப்பூர் ஆய்வில் அதுவும் கூடுதல் சோர்வின் பக்கமே நின்றது. இயற்கைக் காட்சியின் நிலைப்படத்துக்குத்தான் சோர்வு குறைவு. பிள்ளைகளின் கவனத்தை ஈர்க்க ஆசிரியர்கள் மீன் நீந்தும் கடலைப் பின்னணியாக வைக்கிறார்களே என்பார்கள். ஈர்க்கிறது, சந்தேகமில்லை, பாடத்தை விட்டுவிட்டு மீனைப் பார்க்கிறார்கள். கடலைக் காட்ட வேண்டுமானால் திரையைப் பகிர்ந்து காட்டிவிட்டு, காட்டி முடித்ததும் நிறுத்தலாம்.

பார்ப்பவரிடமே ஒரு நிறுத்து பொத்தானைக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். இப்போதுள்ள அமைப்பில் அது நடக்காது. ஆளும் அருவியும் பேசுபவரின் கணினியிலேயே கலந்து ஒரே படமாகக் கிளம்பிவிடுகின்றன. வந்து சேர்ந்தபின் பிரிக்க முடியாது. நிறுவனங்கள் இரண்டையும் தனித்தனியாக அனுப்பும் காலம் வரட்டும். அதுவரை கைவசம் இருக்கும் வழி ஒன்று உண்டு. ஜூமில் நிறுவனக் கணக்கை நிர்வகிப்பவருக்கு, நிலைப்படப் பின்னணியை அனுமதித்துக் காணொளிப் பின்னணியை மட்டும் தடுக்கும் அமைப்பு இருக்கிறது. கல்லூரிகளும் அலுவலகங்களும் காணொளிப் பின்னணியை இயல்பாகவே அணைத்து வைக்கலாம். யாருக்காவது பிறந்தநாள் என்றால், கேக் வெட்டி முடிக்கும்வரை திறந்துவிட்டால் ஆயிற்று.