வீடு கட்டுபவருக்கும் உரிமம் வேண்டும்

2020 செப்டம்பர் 20ஆம் திகதி அதிகாலை, கண்டி பூவெலிகடவில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று இடிந்து பக்கத்து வீட்டின் மேல் விழுந்தது. அந்த வீட்டிலிருந்த கணவன், மனைவி, அவர்களது ஒன்றரை மாதக் குழந்தை ஆகிய மூவரும் உயிரிழந்தார்கள். விழுந்த கட்டடத்துக்கும் அவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சரிவில் கட்டப்படும் எந்தக் கட்டடமும் அதன் உரிமையாளரின் சொந்த விவகாரமாக மட்டும் இருக்க முடியாது.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 2025 நவம்பர் இறுதியில், டிட்வா புயல் வந்தது. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மிக அதிக உயிர்களை இழந்தது கண்டி மாவட்டமே. அந்தப் பேய்மழைக்கு எந்த மேசனும் பொறுப்பல்ல. ஆனால், முற்றாக இடிந்த வீட்டுக்கு 50 இலட்சம் ரூபாய் வரை தருவதாக அரசு அறிவித்திருக்கிறது. அந்தப் பணத்தை வீடாக மாற்றப்போகிறவர் யார், அவருடைய தகுதி என்ன என்று இப்போதே கேட்டாக வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபை இயங்குகிறது. பண வசதி, தொழில்நுட்ப ஆளணி, இயந்திரங்கள், அனுபவம் ஆகியவற்றைப் பார்த்து ஒப்பந்தகாரர்களை அது சிஎஸ்2 முதல் சி9 வரை தரம்பிரிக்கிறது. அரச டெண்டருக்கு விண்ணப்பிக்க அந்தத் தரம் வேண்டும். அக்குறணையிலோ கட்டுகஸ்தோட்டையிலோ பத்துப் பேர்ச் காணியில் வீடு கட்டிக்கொடுக்கும் பாஸிடம் அதை யாரும் கேட்பதில்லை. மாநகர சபையோ பிரதேச சபையோ பிளானைப் பார்க்கிறது. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் 2011 முதல் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதியும் தேவைப்படுவதால் நிலத்தையும் பார்க்கிறார்கள். கட்டுகிற ஆளைத்தான் எவரும் பார்ப்பதில்லை.

ஆபத்தோ அந்த ஆளின் கையில்தான் இருக்கிறது. சரிவை நெட்டாக வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டி, அந்த நிரப்பு மண்ணின் மேலேயே அத்திவாரத்தின் பாதியைப் போடுவது கண்டியைச் சுற்றிலும் நடக்கிறது. பின்னால் தாங்குசுவர் எழும். அதில் தண்ணீர் கசிந்து வெளியேறக் குழாய்கள் வைக்க வேண்டும். சுவருக்குப் பின்னே சல்லிக்கல் நிரப்ப வேண்டும். இரண்டும் இல்லையென்றால் மழைநீர் மண்ணுக்குள் தேங்கிச் சுவரைத் தள்ளும். கொங்கிரீட் போடும் நாளில், கலவை இளகி ஓடட்டும் என்று யாராவது ஹோஸ் பைப்பைத் திருப்புவார். வேலை சுலபமாகும், தூணின் பலம் குறைந்துவிடும். இதில் எதுவும் பிளானில் தெரியாது. பூச்சு பூசிய பிறகு வீட்டுக்காரர் கண்ணிலும் படாது.

உரிமம் வந்தால் செலவு கூடும், ஏழை மேசனின் பிழைப்புப் போகும் என்ற எதிர்வாதத்தை அலட்சியம் செய்ய முடியாது. தோட்டங்களிலிருந்து கண்டிக்கு வந்து, சித்தாளாகத் தொடங்கிப் பாஸாக உயர்ந்த தமிழ் இளைஞர்கள் பலர். காசும் சிபாரிசும் உள்ளவருக்கு மட்டும் கிடைக்கும் ஒரு காகிதமாக உரிமம் ஆகிவிட்டால் முதலில் வெளியே தள்ளப்படுபவர்கள் அவர்கள்தான். ஆகவே கட்டணத்தைவிடச் சோதனையே முக்கியமாக இருக்க வேண்டும். பாடசாலைச் சான்றிதழைக் கேட்காமல், ஒருவர் செய்துவரும் வேலையைப் பார்த்தே தேசிய தொழில் தகைமை வழங்கும் முறை நாட்டில் ஏற்கெனவே உண்டு. சின்ன வீடுகளுக்கான உரிமத்தை அதன்மேல் அமைக்கலாம். தேர்வு தமிழிலும் சிங்களத்திலும், வேலைத்தளத்திலேயே நடக்கட்டும்.

அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 5,000 டொலருக்கு மேற்பட்ட வீட்டு வேலையை உரிமம் இல்லாதவர் ஏற்க முடியாது. பாரிய குறைபாடுகளுக்கு ஆறு ஆண்டுகள் வரை கட்டியவரே பொறுப்பு. அவ்வளவு பெரிய ஏற்பாடு இங்கே ஒரே நாளில் வராது. உரிமம் மட்டுமே ஊழலையும் ஒழித்துவிடாது. ஆனால் கட்டியவரின் பெயராவது எங்காவது பதிவாகியிருக்க வேண்டாமா?

கண்டி மாநகர சபையும் சுற்றியுள்ள பிரதேச சபைகளும் கொழும்பை எதிர்பார்த்துக் காத்திருக்காமல் ஒரு தொடக்கத்தைச் செய்யலாம். பிளான் விண்ணப்பத்தில் கட்டுபவரின் பெயரையும் தகைமை இலக்கத்தையும் கேட்கட்டும். அத்திவாரக் கொங்கிரீட் போடுமுன்னும் தாங்குசுவரை மூடுமுன்னும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்துக் கையொப்பம் இடட்டும். இணக்கச் சான்றிதழ் அந்தக் கையொப்பங்களுக்குப் பிறகே வழங்கப்படட்டும். டிட்வாவில் வீடிழந்தவர்களின் புதிய வீடுகளிலிருந்தே இதைத் தொடங்க வேண்டும்.